குழாய் வைத்த மண்பானை: மாசியிலேயே வாங்கிவிடுங்கள்

மண்பானை வாங்க நல்ல மாதம் மாசி. ஆனால் மாசி விடியற்காலையில் கை இன்னும் போர்வையைத்தான் தேடும். பானை ஞாபகம் யாருக்கும் வருவதில்லை. பங்குனியில் வெயில் சுள்ளென்று உறைத்ததும் "இந்த வருஷமாவது ஒரு பானை வாங்கணும்" என்று பேச்சு எழும். சித்திரையில் பானை வீட்டுக்கு வரும். ஊறவைத்து, மண்வாசம் போக்கி, குழாய் ஒழுகலைச் சரிசெய்து முடிப்பதற்குள் கத்திரி வந்துவிடும். கத்திரி கழிந்த கையோடு பானை பரணுக்கு ஏறும். நான்கு மாதம் உழைக்கவேண்டிய பொருள் முழுசாக ஒரு மாதம்கூட உழைத்திருக்காது.

இங்கே பேசுவது 8 முதல் 12 லிட்டர் கொள்ளும், குழாய் வைத்த குடிதண்ணீர்ப் பானையைப் பற்றி. சாலையோரக் கடைகளில் பெரும்பாலும் 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஊருக்கு ஊர், குழாய்க்குக் குழாய் விலை மாறும். இணையத்தில் இதே பானை, பெட்டியும் வைக்கோலும் சேர்ந்து, இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. தட்டிப் பார்க்காமல் பானை வாங்குவது எப்படியும் சரியில்லை.

ஏன் மாசி என்றால், பானை செய்கிறவர்களின் வருஷக் கணக்கு அப்படி. நவராத்திரிக்குக் கொலுபொம்மை, கார்த்திகைக்கு அகல்விளக்கு, தைக்குப் பொங்கல் பானை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வனைந்தது லேசில் காயாது. சூளை மூட்டுவதும் பெரும்பாடு. பொங்கல் வியாபாரம் முடிந்த பிறகுதான் சக்கரம் தண்ணீர்ப் பானைக்குத் திரும்பும். அப்போது வனைவது நிழலில் நிதானமாகக் காய்ந்து, முழுச் சூடு வாங்கி வரும். சித்திரையில் கேட்பவர் கூட்டம் அதிகம் என்பதால் அரைகுறையாகக் காய்ந்த பானைகளும் அவசரமாகச் சூளை ஏறும். சுவருக்குள் ஈரம் இருக்கும்போதே சூடு ஏறினால், ஆவி வெளியேற வழி தேடி மயிரிழை விரிசலை உண்டாக்கிவிடும். கடையில் அது கண்ணுக்குப் படாது. வீட்டில் மூன்றாம் நாள் தரை நனையும்போதுதான் படும்.

சந்தையில் இருப்பவை மூன்று வகை. செங்கல் நிறத்துச் சாதாரணப் பானை, கறுப்புப் பானை, பூ வேலைப்பாடும் வண்ணமும் வைத்த பானை.

சிவப்புக்கும் கறுப்புக்கும் மண் வேறு என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் மண் ஒன்றுதான், சூளைதான் வேறு. காற்று தாராளமாகப் புகும் சூளையில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். கடைசிக் கட்டத்தில் சூளையை மூடிப் புகையை உள்ளேயே அடைத்தால் கரி ஏறிக் கறுக்கும். குளிரவைப்பதில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சுவரின் கனமும் நுண்துளையும்தான் கணக்கு. கறுப்பில் அழுக்கும் உப்புக் கறையும் எப்படித் தெரியும் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: கறுப்பின்மேல் வெள்ளை உப்பு பளிச்சென்று தெரியும், சிவப்பில் கொஞ்சம் மறையும். தேய்த்துக் கழுவ நினைவூட்டுகிறது என்று பார்த்தால் கறுப்பே மேல்.

வண்ணப் பானையை வாங்காதீர்கள். ஆயில் பெயின்டோ வார்னிஷோ பூசிய இடத்தில் பானை வியர்க்காது, வியர்க்காத பானை குளிராது. கழுத்தில் மட்டும் ஒரு வரி வண்ணம் இருந்தால் பாதகமில்லை. வயிறு முழுக்க மயில் ஆடிக்கொண்டிருந்தால் அது பூச்சாடி. உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு பூசியதும் வேண்டாம். அந்த மெருகில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது, குளிர்ச்சியும் போய்விடும்.

வைகைக் கரையிலுள்ள மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் வாசிப்பவர்கள் தேடிப் போவதும் அந்த ஊர் மண்ணைத்தான். அதனாலேயே எந்த ஊர்ச் சாலையோரத்தில் கேட்டாலும் "மானாமதுரை சரக்குங்க" என்ற பதில் வருகிறது. அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கவேண்டியதில்லை. பக்கத்து ஊர்ச் சூளையில் நன்றாக வெந்த பானை, லாரியில் முந்நூறு கிலோமீட்டர் குலுங்கி வந்த பானையைவிட நல்லது.

கடையில் பார்க்கவேண்டியது நான்கு. பானையை ஒரு உள்ளங்கையில் ஏந்தி, மறு கையின் விரல் முட்டியால் வயிற்றில் தட்டுங்கள். 'டங்' என்று ஓசை நீண்டால் நன்றாக வெந்திருக்கிறது, விரிசல் இல்லை. 'தொப்'பென்று அடங்கினால் விரிசல், அல்லது வேகாத பானை. தரையில் வைத்தபடி தட்டினால் எந்தப் பானையும் தொப்பென்றுதான் கேட்கும், ஏமாறவேண்டாம். பிறகு வாயை முகத்தோடு வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். மூன்றாவது, நனைத்த விரலால் வெளிச்சுவரைத் தேயுங்கள். விரலில் காவி ஒட்டினால், வெந்த நிறம் போதாமல் மேலே செம்மண் குழம்பு பூசியிருக்கிறார்கள். கடைசியாக, அதே ஈர விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுவரில் விடுங்கள். சில வினாடியில் உறிஞ்சி இருண்ட வட்டமாகப் படர்ந்தால் நுண்துளை திறந்திருக்கிறது. முத்துப்போல் நின்று வழிந்தோடினால் பூச்சு இருக்கிறது, அல்லது அளவுக்கு மீறி வெந்து இறுகிவிட்டது. அளவுக்கு மீறி வெந்த பானை உறுதியாக இருக்கும், பல வருஷம் வரும், தண்ணீர் மட்டும் குளிராது.

இனி, எவ்வளவு குளிரும் என்ற கேள்வி. பானை குளிர்வது மந்திரமில்லை. சுவர் வழியாகக் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 100 மில்லி ஆவியானால் போதும், 10 லிட்டர் தண்ணீரின் சூட்டைக் கிட்டத்தட்ட 6 டிகிரி குறைக்கும் அளவுக்கு வெப்பம் வெளியேறும். வெளிச் சூடு ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இதைவிட நிறையத் தண்ணீர் செலவாகும். நிரப்பிய 10 லிட்டரில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை குறைந்தால் பதறவேண்டாம், பானை வேலை செய்கிறது என்று பொருள்.

ஆனால் ஆவியாவதற்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைக் காற்றின் ஈரப்பதம் வைக்கிறது. வேலூரிலோ கரூரிலோ நடுப்பகலில் 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்த எல்லையைக் காட்டும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 24 டிகிரியை ஒட்டி நிற்கும். பானைத் தண்ணீர் அதற்கு ஓரிரு டிகிரி மேலே, 26 வாக்கில் நிற்கும். தொண்டைக்கு இதமான குளிர்ச்சி. சென்னையில் கடற்காற்று ஏறிய பிற்பகலில் 35 டிகிரி, 65 சதவீத ஈரம் என்றால் அதே வெப்பமானி 29-க்கு மேல் நிற்கும். பானைத் தண்ணீர் 30, 31. எவர்சில்வர் குடத்துத் தண்ணீரைவிட நான்கைந்து டிகிரி குறைவு, அவ்வளவுதான். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர்க் கரையோரத்துக்காரர்கள் "பானை வாங்கினேன், குளிரவே இல்லை" என்று விற்றவரைத் திட்டுவதில் நியாயமில்லை. கடற்காற்று வராமல் மேற்குக் காற்று அனலாய் அடிக்கும் நாட்களில் சென்னையிலும் பானை அசத்திவிடும். நமக்குத்தான் அந்த நாட்கள் கொடுமை, பானைக்குக் கொண்டாட்டம்.

ஈரத்துணி சுற்றினால் இன்னும் குளிருமா? நுண்துளை அடைபட்ட பழைய பானைக்கு உதவும். நன்றாக வியர்க்கும் புதுப் பானையில் பெரிய லாபமில்லை. மேலே சொன்ன எல்லையைத் துணியாலும் தாண்டமுடியாது.

இடம்தான் முக்கால்வாசி. வெயில் படாத, காற்று ஓடும் ஜன்னலோரம் வேண்டும். சமையலறை மூலையில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே செருகினால் ஃபிரிட்ஜின் பின்புறச் சூடு பானைக்குப் போகும், காற்றும் இருக்காது. வெயில் படும் பால்கனியில் வைத்தால் பச்சைப் பாசி பிடிக்கும். இரும்பு முக்காலி வாங்கும்போது எடையைக் கணக்குப் போடுங்கள்: 10 லிட்டர் தண்ணீரே 10 கிலோ, பானை அதற்கு மேல் மூன்று நான்கு கிலோ. கம்பி வளையம் பானையின் அடிவயிற்றைச் சுற்றிலும் தாங்கவேண்டும். மூன்று புள்ளியில் மட்டும் தொட்டால் அந்தப் புள்ளிகளில்தான் விரிசல் தொடங்கும். வளையத்தில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள், அந்தக் காலத்தில் பானைக்கு அடியில் வைத்த வைக்கோல் வளையமான பிரிமணை செய்த வேலையை அது செய்யும். குழாய்க்கும் மேடைக்கும் நடுவே சொம்பு நுழையும் உயரம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்க மறந்துவிட்டு, பிறகு டம்ளரைச் சாய்த்துப் பிடித்துக் கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

முக்காலி வேண்டாம் என்றால் அகலமான மண்தட்டில் ஆற்றுமணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். கசியும் தண்ணீரை மணல் வாங்கிக்கொண்டு அதுவும் ஆவியாகும். வெறும் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்குக் கொசு முட்டையிட அந்தத் தெளிந்த தண்ணீர் போதும்.

பழக்கும் முறையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சமையல் சட்டிக்குச் சொல்லும் பக்குவத்தைத் தண்ணீர்ப் பானைக்குச் செய்துவிடுகிறார்கள். வடிகஞ்சி ஊற்றி வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் சட்டியின் துளையை அடைக்கத்தான். குழம்பு கசியாமலிருக்க அது தேவை. தண்ணீர்ப் பானையில் அந்தத் துளைகளுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம். ஆகவே கஞ்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், சோப்பு வேண்டவே வேண்டாம். சோப்பைச் சுவர் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் தண்ணீரில் திருப்பிக் கொடுக்கும்.

குழாயைக் கழற்றிவிட்டு, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் பச்சைத் தண்ணீரில் தேய்த்து, தூசியைக் கழுவுங்கள். பெரிய பக்கெட்டிலோ தொட்டியிலோ முழுக்க மூழ்கும்படி ஒரு நாள் ஊறவையுங்கள். போட்டதும் சுவரிலிருந்து பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழ் கிளம்பும். அது நின்ற பிறகும் விட்டுவையுங்கள். பக்கெட் கொள்ளாவிட்டால் உள்ளே நிரப்பி, வெளியே ஈரச் சாக்கு போர்த்தலாம். அடுத்த மூன்று நாள் நிரப்பி, 12 மணி நேரம் வைத்து, செடிக்குக் கொட்டிவிடுங்கள். நான்காம் நாள் தண்ணீரில் மண்வாசம் லேசாக இருக்கும், பலருக்கு அது பிடிக்கும். ஒரு வாரம் கழித்தும் வாசம் தூக்கலாக இருந்தாலோ தண்ணீர் செந்நிறமாக வந்தாலோ பானை வேகவில்லை. அதைச் செடிக்குக் கொடுத்துவிடவேண்டியதுதான்.

நல்ல பானை எப்படி வியர்க்கும் என்று பார்க்க, பழக்கிய பானையை ஒரு பகல் உலரவிட்டு மறுபடி நிரப்புங்கள். முதலில் அடிப்பகுதி இருளும். அந்த இருட்டு மெதுவாக வயிற்றுக்கு ஏறி, தண்ணீர் மட்டத்தை எட்டிச் சற்று மேலேயும் படரும். உள்ளங்கையை வைத்தால் கை ஈரமாகும், ஆனால் சொட்டாது. பூனையின் மூக்குபோல் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் முத்து கோத்து வழிந்தால் அங்கே ஊசித்துளை. அந்தக் காசளவு இடத்தில் மட்டும் உள்பக்கமாகக் கெட்டிக் கஞ்சியைத் தடவிக் காயவிடலாம். சின்னத் துளை அடைந்துவிடும். விரிசலுக்கு இது உதவாது.

குழாய்தான் இந்தப் பொருளின் பலவீனம். பானையின் வயிறு வளைவு, குழாயின் வாஷர் தட்டை. வளைந்த சுவரில் தட்டை வாஷர் முழுக்க உட்காராது, ஒரு பக்கம் சந்து விடும். தெரிந்து செய்கிறவர்கள் பச்சை மண்ணாக இருக்கும்போதே ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தட்டித் தட்டையாக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பானையைத் தேடி எடுங்கள், விரலால் தடவினாலே தெரியும். சுட்ட பிறகு துளையிட்ட பானையில் ஓட்டையின் விளிம்பு பல்லுப்பல்லாகச் சிதைந்திருக்கும். ஒழுகலை மறைக்க வெள்ளை சிமெண்டோ எபாக்சி பசையோ அப்பியிருப்பார்கள். அந்தக் குழாயைக் கழற்றமுடியாது, கழற்றாமல் உள்ளே கழுவவும் முடியாது.

குழாய் ஒழுகினால் பதறி மாற்றாதீர்கள். உள்பக்க மரையைக் கழற்றி, ஓட்டையின் இரு பக்கமும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். வெளியே ஒரு ரப்பர் வாஷர், உள்ளே அதைவிடப் பெரிதாக, தடித்த இன்னொன்று. கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் ஒரு சுற்று அதிகமாகும், ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி விரிசல் ஓடும். பிளாஸ்டிக் குழாய் ஒரு கோடைக்குச் சரி. எவர்சில்வர் குழாய் பல கோடை வரும், ஆனால் கனம் அதிகம். பிள்ளைகள் தொங்குகிற வீட்டில் அந்தக் கனமே சுவரைப் பெயர்க்கும்.

குழாய் அடியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே இருப்பதால் அதற்குக் கீழே ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் தங்கும். மேலே எத்தனை முறை புதுசாக ஊற்றினாலும் அது பழசுதான். மூன்று நாளுக்கொரு தடவை பானையைச் சாய்த்து அதைக் கொட்டிவிடவேண்டும். பானைத் தண்ணீர் வழவழக்கிறது, வாடை அடிக்கிறது என்ற புகார் பெரும்பாலும் இந்த ஒரு சொம்பால் வருவது.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்து, துளைகளை அடைத்துக்கொண்டே வரும். கடின நீர் ஊற்றிய பானை வைகாசிக்குள் மந்தமாகிவிடும். வாரம் ஒருமுறை காலியாக்கி, நாரால் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு பகல் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்து சூடேறிய பானையில் சட்டென்று தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். வடிகட்டிய தண்ணீர் என்றால் பூப்பது குறைவு, பானை கோடை முழுக்கச் சுறுசுறுப்பாக இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பானை தண்ணீரைச் சுத்திகரிக்காது. "மண் எல்லாக் கிருமியையும் இழுத்துக்கும்" என்று விற்பவர் சொல்வதை ரசிக்கலாம், நம்பக்கூடாது. காய்ச்சவேண்டிய தண்ணீரைக் காய்ச்சி, முழுக்க ஆறவைத்து, பிறகு ஊற்றுங்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்சுவரில் உரசுவது கலங்கல் தண்ணீர் தெளிவதற்கான பழைய வழி. ஆற்றுத் தண்ணீர் மொண்ட காலத்துக்கு அருமையானது, கேன் தண்ணீருக்குத் தேவையில்லை. வெட்டிவேர் போடுவது வாசனைக்காக என்றால் தாராளமாகப் போடுங்கள். ஒரு பிடி வேரை மண் போகக் கழுவி, காயவைத்து, மெல்லிய துணியில் முடிந்து போடவேண்டும். மூன்று நாளில் எடுத்து வெயிலில் உலர்த்தாவிட்டால் வேரே வழவழப்புக்குக் காரணமாகிவிடும்.

நிரப்புவது ராத்திரி. நிரப்பிய தண்ணீர் நன்றாகக் குளிர ஐந்து முதல் எட்டு மணி நேரம் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் வெந்நீரை நடுப்பகலில் பாதிப் பானையில் ஊற்றினால் அன்றைய குளிர்ச்சி போச்சு. நாலு பேர் வீட்டுக்கு 15 லிட்டர் பானை ஒன்றைவிட 8 லிட்டர் பானை இரண்டு நல்லது. சின்னப் பானைக்கு உள்ளேயிருக்கும் தண்ணீரை ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு அதிகம், சீக்கிரம் குளிரும். ஒன்றில் குடிக்கும்போது மற்றது குளிர்ந்துகொண்டிருக்கும். ஒன்றுக்குக் குழாய் போதும், மற்றதற்கு மூடியும் அகப்பையும்.

ஒரு லிட்டர் மண்பாட்டிலும் இப்போது நிறைய விற்கிறது. வாய் குறுகல், உள்ளே கை போகாது, நார் போகாது. மேஜையிலிருந்து ஒருமுறை உருண்டால் முடிந்தது. பரிசாகக் கொடுக்க அழகு.

எல்லாரும் பானையைப் பரணில் ஏற்றும் ஆனி, ஆடியில் உள்மாவட்டங்களில் இது இன்னும் நன்றாகவே வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. கத்திரி முடிந்தாலும் வெயில் முடிவதில்லை. கூடவே மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆடிக் காற்றில் ஜன்னலோரப் பானை சித்திரையைவிட வேகமாகக் குளிரும். ஆவணியில் மழை தலைகாட்டிக் காற்றில் ஈரம் ஏறிய பிறகு எடுத்துவைத்தால் போதும். எடுத்துவைக்கும்முன் மூன்று நாள் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு கவிழ்த்தால் பூஞ்சை பிடித்து, அடுத்த மாசியில் இறக்கும்போது கறுப்புப் புள்ளியும் முடை நாற்றமும் எஞ்சியிருக்கும்.

இரண்டாம் வருஷம் குளிர்ச்சி கொஞ்சம் குறையும். வெளிச்சுவரை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஒரு நாள் ஊறவைத்தால் ஓரளவு மீளும். மூன்றாம் வருஷத்துக்குப் பானையை நம்பவேண்டாம். குழாயைக் கழற்றிப் புதுப் பானைக்கு மாற்றுங்கள். பழையதன் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, மல்லிகைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். சுவரில் மிச்சமிருக்கும் கசிவு வேருக்குப் போதும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை நிரப்பினால் சரி.